ஊசிப் பக்கம், கரண்டுப் பக்கம்

வடிகட்டிய கஞ்சித் தண்ணீரை ஸ்பூனில் எடுத்து அழகையா மனைவியின் வாயருகே கொண்டுபோனபோது, கருப்பம்மா அதைத் தட்டிவிட்டாள். கஞ்சி கம்பளியில் சிந்தியது. புண் இடது கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகு, ஊற்றுவதில் பாதி அந்த வழியாகவே வழிந்துவிடும் என்று இருவருக்கும் தெரியும். பேச்சு நின்றுபோயிருந்த அவள், துடைக்கப் போனவரின் கையைப் பிடித்து நிறுத்தினாள். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கி இரண்டு கண்களிலும் வைத்துக் காட்டினாள்.

அவருக்குப் புரிந்தது. புரியாதவர்போலத் துணியை மடித்தார்.

"கண்ணாடியம்மாவத்தான் கேக்குறாங்க," என்றாள் மகள் ஆண்டாயி, அடுப்படியிலிருந்து. "நேத்தும் கேட்டாங்க. முந்தாநாளும் கேட்டாங்க. ஒரு எட்டு போயி கூட்டியாந்துருங்கப்பா."

"குன்னூருக்கா? இந்த மழையிலயா? வந்தாலும் அந்தம்மா இங்க எங்குட்டு ஒக்காரும்?"

"ஒக்கார எடத்தயா அம்மா கேக்குறாங்க?"

கருப்பம்மா மறுபடியும் விரல்களைக் கண்ணில் வைத்தாள். அழகையா எழுந்து, ஆணியில் தொங்கிய குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

மழைக்காக அவர் தயங்கவில்லை. அந்தக் கண்ணாடியம்மா, பியாட்ரிஸ் அம்மா, இரண்டு காலால் நடந்து இந்த லயத்து வரிசைவீட்டு வாசலுக்குள் நுழைவதைப் பார்க்க அவரால் முடியாது. அதுதான் விஷயம். அதைப் பெற்ற மகளிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

எமரால்டிலிருந்து ஊட்டிக்கு வந்து பஸ் மாறினார். ஜன்னலுக்குப் படுதா இறக்கியிருந்தார்கள். ஈரக் கோணிச் சாக்கும் முட்டைக்கோசும் மணந்தன. எவ்வளவு வேண்டாமென்று தள்ளினாலும் ஆஸ்பத்திரி நினைவுதான் வந்தது.

இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே கொழுந்தெடுத்து, அங்கேயே கட்டிக்கொண்டு பிள்ளை பெற்றவர்கள் அவர்கள். இரண்டு நாட்டு அரசாங்கமும் ஆட்களைப் பங்கு பிரித்தபோது உங்களுக்கு இந்தியா என்று முடிவாகி, கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்த அரசுத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மூத்த மகனுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. அவன் அங்கேயே நின்றுவிட்டான். இங்கே குளிர் அதிகம், மற்றபடி செடி அதே செடிதான் என்று சொல்லிக்கொண்டு கருப்பம்மா கூடையைக் கட்டிக்கொண்டாள். வெற்றிலையை அதக்கும் கன்னத்தில் ஒரு வெள்ளைத் தடிப்பு வந்தபோது சுண்ணாம்பு பட்டு வெந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். தோட்டத்து மருந்துக்காரர் பார்த்துவிட்டுக் கோயமுத்தூருக்குப் போகச் சொன்னார்.

அங்கே ஒரு டாக்டர், இளவயது, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். இது புற்று; கரண்டு வைக்கிற கதிர்வீச்சு வைத்தியம் எல்லாருக்கும் உண்டு. அதோடு ஒரு புது ஊசியும் போட்டால் இன்னும் நன்றாகக் கேட்குமா என்று ஆராய்ச்சி நடக்கிறது. சேர்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஊசியும் கரண்டும், பாதிப் பேருக்குக் கரண்டு மட்டும். யாருக்கு எது என்பதை ஒட்டிய கவர் ஒன்றைப் பிரித்துத்தான் பார்ப்பார்கள்.

"எது நல்லதுங்கய்யா?" என்று அழகையா கேட்டார்.

"தெரியாதுங்க. தெரிஞ்சா எல்லாருக்கும் அதையே குடுத்துருவோம். தெரிஞ்சுக்கத்தான் இது."

கருப்பம்மா சிரித்தாள். அப்போது அவளால் சிரிக்க முடிந்தது. "அங்கயும் இப்பிடித்தான், மேசைக்கு அந்தப் பக்கம் ஒக்காந்துக்கிட்டு ரெண்டாப் பிரிச்சானுங்க" என்றாள்.

கவர் கரண்டு மட்டும் என்று சொன்னது.

பக்கத்துக் கட்டில் பியாட்ரிஸ் அம்மாவுக்கு ஊசி விழுந்தது. குன்னூரில் பள்ளிக்கூட டீச்சர், தடித்த கண்ணாடி. வெற்றிலையை வாயில் வைத்தே அறியாதவர். நாக்கின் ஓரத்தில் புண். ஊசி போடுகிற அன்றெல்லாம் வாந்தியெடுத்துத் துவண்டு கிடப்பார். கருப்பம்மாதான் பேசின் பிடிப்பாள். தேறி உட்கார்ந்தால் கருப்பம்மாவின் தலையைச் சீவிவிட்டு இறுக்கிப் பின்னிவிடுவார். தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவளுக்கு ஒரு டீச்சர் பேன் பார்க்கிறார் என்று வார்டே வேடிக்கை பார்த்தது. பிரிகிற அன்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள். யார் முதலில் குணமாகிறார்களோ அவர் மற்றவரின் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு டாக்டர் அழகையாவைத் தனியே கூப்பிட்டார். எந்த நோயாளி எவ்வளவு நாள் இருப்பார் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா என்பதும் அவர்கள் ஆராய்ச்சியில் ஒரு பகுதி. "உங்க சம்சாரத்துக்குக் கழுத்துல நெறிகட்டி இருக்குது. அது இருந்தா கஷ்டம். அந்த டீச்சரம்மாவுக்குக் கழுத்து சுத்தமா இருக்குது, அவங்க நெறைய வருஷம் இருப்பாங்க" என்றார். மறைக்கத் தெரியாத மனிதர்.

கழுத்தும் அந்தம்மாவுக்கு, ஊசியும் அந்தம்மாவுக்கு. ஊசியாவது நமக்கு விழுந்திருக்கலாம். ஒரு வருஷமாக அழகையா மண் கொத்துகிறபோதும் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறபோதும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

குன்னூரில் மழை தூறலாக இருந்தது. மாதா கோயிலுக்குக் கீழே இறங்கும் சந்தில் விசாரித்தார். டீச்சர் வீடு என்றதும் ஒரு பெண் கையை நீட்டிக் காட்டினாள், அவரை ஒருமாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவு திறந்தே இருந்தது. சில்வஸ்டர், பியாட்ரிஸ் அம்மாவின் கணவர், எஸ்டேட் ஆபீசில் கிளார்க், தரையில் உட்கார்ந்து பழைய பேப்பரை விரித்து ஒரே ஒரு காலிஃபிளவரை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா இருக்காங்களாங்க?"

சில்வஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஆயிற்று அடையாளம் தெரிய. தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு விருட்டென்று எழுந்தார்.

"கருப்பம்மா ஊட்டுக்காரருங்களா? வாங்க, வாங்க, உள்ள வாங்க." தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். "உங்க சம்சாரம் எப்பிடி இருக்காங்க? நல்லாயிட்டாங்கதானுங்க? நெறைய நாளு நெனைப்பேன். அவங்களுக்கு ஊசி இல்லீங்களே. கரண்டு மட்டுந்தானுங்களே. வேலைக்குப் போறாங்களா?"

அந்த முகத்தைப் பார்த்தபோதே அழகையாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அது அழகையாவின் முகமேதான். இந்த ஒரு வருஷமாகக் குன்னூர்ப் பக்கம் திரும்பிப் பார்க்கிறபோதெல்லாம் அவர் வைத்துக்கொண்டிருந்த முகம்.

"அம்மா எப்பப் போனாங்க?" என்றார்.

"சித்திரையில. ஈஸ்டர் முடிஞ்ச வாரமுங்க." சில்வஸ்டர் எதிரே உட்கார்ந்தார். "நுரையீரலுக்குப் போயிருச்சுன்னாங்க. கழுத்துல ஒண்ணுமே இல்ல, கடைசி வரைக்கும் இல்ல. அந்த ஊசிதானுங்க அவளைத் தின்னுருச்சு. தலைமுடி போச்சு, ஒடம்பு போச்சு. கரண்டுப் பக்கம் விழுந்திருந்தா இருந்திருப்பா. எனக்குத் தெரியுமுங்க." சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். "உங்க சம்சாரம்..."

"இன்னக்கோ நாளைக்கோன்னு கெடக்குது."

சில்வஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஊசி இல்லாததுனாலதான்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேனுங்க" என்றார் அழகையா.

தகரக் கூரையில் தூறல் வலுத்தது. சில்வஸ்டர் நறுக்கிய பூத்துண்டுகளைப் பேப்பரோடு சேர்த்து ஓரமாகத் தள்ளினார். திரும்ப இழுத்து வைத்தார்.

"கோயமுத்தூருக்குப் போயிக் கேட்டேனுங்க," என்றார். "அந்த டாக்டர் ஒக்காரவெச்சுப் பேசுனாரு. அவரு கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு. ஊசியால போனாங்களான்னு கேட்டா, தெரியாதுன்னாரு. கழுத்து சுத்தம்னு சொன்னீங்களேன்னு கேட்டா, நூறு பேரச் சேத்துப் பாத்தா சொல்லலாம், ஒருத்தரப் பத்திச் சொல்ல முடியாதுன்னாரு. ரெண்டு பக்கமும் இப்போதைக்கு ஒரே மாதிரிதான் போயிட்டு இருக்குதாம். தெரியறதுக்கு இன்னும் நெறையப் பேரு வேணுமாம்."

"எத்தன பேரு?"

"அத நான் கேக்கலைங்க."

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். அழகையா அப்படியே குடித்தார். வாசல் வரைக்கும் வந்து, "நான் வேணா ஒருக்கா வந்து பாக்கட்டுங்களா?" என்று சில்வஸ்டர் கேட்டார்.

"வேணாங்க. ஒங்களத் தனியாப் பாத்தா அதுக்கு வெளங்கிப் போயிரும்."

திரும்புகிற பஸ்ஸில் அவர் பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். சாகப்போகிறவளுக்குச் சாவுச் செய்தியைக் கொண்டுபோகக் கூடாது. அவ்வளவுதான் அவர் யோசித்தது. அதற்கு மேல் யோசிக்க அவருக்குத் தெம்பில்லை.

லயத்தில் காலடி கேட்டதுமே கருப்பம்மா தலையைத் திருப்பினாள். அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், வாசலைப் பார்த்தாள். ஆண்டாயி தலையைச் சீவி, புடவையை மாற்றி, புண்ணுக்குப் புதுத்துணி வைத்திருந்தாள். விருந்தாளி வருகிற வீடுபோல அறையைக் கூட்டியிருந்தாள்.

"அம்மா ஊர்ல இல்ல, புள்ள," என்றார் அழகையா. "திருச்சியில மக வீட்டுக்குப் போயிருக்காங்களாம். வூட்டுக்காரருதான் இருந்தாரு. சொகமா இருக்காங்களாம். நல்லா நடமாடுறாங்களாம். ஒன்னயக் கேட்டாரு."

கருப்பம்மா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு விரல்களை வளைத்துக் கண்ணில் வைத்தாள். இரண்டு விரலால் நடப்பதுபோலக் கம்பளியின்மேல் நடத்திக் காட்டினாள். அந்த விரல்களை வாசல் பக்கமிருந்து தன் நெஞ்சுவரைக்கும் கொண்டுவந்து, அங்கே கையை விரித்தாள். வெறுங்கை.

"என்னா சொல்லுது?" என்று அவர் மகளைக் கேட்டார், தெரிந்தே.

"நடக்க முடியுதுல்ல, பின்ன ஏன் என்னயப் பாக்க வரலன்னு கேக்குறாங்க." ஆண்டாயியின் குரல் உடைந்தது. "பேசி வச்சுக்கிட்டாங்கல்ல ரெண்டு பேரும்."

கருப்பம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பக்கம்தான் புண். அந்தப் பக்கமாகப் படுத்தால் வலி உயிர் போகும் என்று மாசக்கணக்கில் மல்லாந்தே கிடந்தவள்.

அழகையா கட்டிலின் காலடியில் உட்கார்ந்தார். ஆண்டாயி ஜாடை காட்டினாள். வெளியே கூப்பிட்டு, "நெசத்தச் சொல்லுங்கப்பா. அந்தம்மா வரமாட்டேன்னுட்டாங்களா?" என்றாள்.

"சித்திரையிலயே போயிருச்சு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப அதயே சொல்லியிருக்கலாமே. கூட ஒரு ஆளு போயிருக்குதுன்னாவது இருக்கும். இப்ப தான் மட்டும் தோத்துட்டோம்னுல்ல திரும்பிப் படுத்துருக்காங்க."

அவர் அதை அந்த விதமாக நினைத்தே பார்க்கவில்லை. வாசலில் நின்று நனைந்தார். உள்ளே போகவும் பயமாக இருந்தது, போகாமல் இருக்கவும் பயமாக இருந்தது. கடைசியில் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்க் குனிந்தார். அவள் மூச்சு அப்போதே மாறிவிட்டிருந்தது. தொண்டையில் கொரகொரவென்று இழுத்தது.

"புள்ள. நான் பொய் சொல்லிட்டேன். கண்ணாடியம்மா இல்ல. ஒனக்கு முந்தியே போயிருச்சு. ஊசியும் கேக்கல. ஒண்ணும் கேக்கல. இருந்திருந்தா வந்திருக்கும். கருப்பம்மா, கேக்குதா? இருந்திருந்தா கட்டாயம் வந்திருக்கும்."

அவள் திரும்பவில்லை. கையைப் பிடித்துப் பார்த்தார். விரல் எதுவும் பதில் சொல்லவில்லை. காதில் விழுந்ததா இல்லையா என்று தெரிவதற்குள் மூச்சு இரண்டு தரம் நின்று, ஒரு தரம் வந்து, பிறகு வராமல் போயிற்று. ஆண்டாயி ஓவென்று கத்தினாள். பக்கத்து அறைகளிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். அழகையா மட்டும் அந்தக் காதருகிலேயே குனிந்து இன்னும் கொஞ்ச நேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

காலையிலும் மழை விடவில்லை. தோட்டத்தில் அரைநாள் லீவு விட்டார்கள். தப்பு மேளம் அடிக்கிறவர்கள் தோலைக் காய்ச்ச நெருப்புக்கு அலைந்தார்கள். பாடை லயத்தைவிட்டு இறங்கித் தார்ரோட்டுக்கு வந்தபோது, எமரால்டு பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கினார். கோட்டு, பூட்ஸ், கையில் ஒரு துணிப்பை. பாடையைப் பார்த்ததும் பையோடு அப்படியே நின்றுவிட்டார். சில்வஸ்டர்.

அழகையா கூட்டத்திலிருந்து விலகி அவரிடம் வந்தார்.

"வேணாம்னீங்க. ஊட்ல இருப்புக் கொள்ளலைங்க," என்றார் சில்வஸ்டர். "உயிரோட பாத்தரலாம்னு வந்தேன். பர்லியார் மங்குஸ்தான் பழம் கெடச்சுது. மெதுவா இருக்கும், சாறாப் புழிஞ்சாவது..." நிறுத்தினார். "பியாட்ரிஸ் பத்திக் கேட்டாங்களா?"

அழகையா தலையசைத்தார்.

"என்ன சொன்னீங்க?"

அழகையா பாடை போகிற பக்கம் திரும்பினார். கூட்டத்தில் ஒருவர், "யாருங்க அழகையா இவரு?" என்று கேட்டார்.

"சொந்தக்காரரு."

சுடுகாடு ரோட்டுக்குக் கீழே, தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில். பாடை செடிகளுக்கு நடுவே வழுக்கி வழுக்கி இறங்கியது. சில்வஸ்டர் இரண்டடி வைத்தார். சேற்றில் பூட்ஸ் சறுக்கியது. மேலே ஏறிவந்து, ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, அவற்றைக் கழற்றி ஜோடியாக வைத்தார். காலுறைகளைச் சுருட்டி உள்ளே செருகினார். துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெறுங்காலோடு எல்லாருக்கும் பின்னால் இறங்கிப் போனார். ரோட்டில் யாரும் இல்லை. பூட்ஸுக்குள் மழை பெய்துகொண்டிருந்தது.