சற்குணத்தின் வலது கை

1986 ஓகஸ்ட் பதினேழாம் தேதி பிற்பகல் நாலு இருபதுக்கு, சான்ட்ரிங்ஹாம் மண்டபத்தில் சற்குணம் தூக்கிய வலது கை அதன்பிறகு இறங்கவில்லை. தேதி கூட்டக் குறிப்பில் இருக்கிறது. நேரத்தில் ஐந்து நிமிடம் முன்பின் இருக்கலாம்.

தமிழ்ச் சங்கத்தின் புதிய தலைவர் விநாயகமூர்த்தி மாலை வகுப்பில் அமெரிக்க அரசியலமைப்பைப் படித்தவர். அங்கே ஜனாதிபதி தன் அமைச்சர்களின் பெயர்களை முன்மொழிவார், செனட் குழு ஒவ்வொருவரையும் இருத்திவைத்து விசாரிக்கும், பிறகு செனட் சபை வாக்களித்து உறுதிப்படுத்தும் என்று விளக்கி, சங்கத்தின் ஆறு செயலாளர்களையும் அப்படியே நியமிக்கப்போவதாக அறிவித்தார். விசாரணைக் குழுவில் மூவர். அதில் ஒருவன் சற்குணம். ஐந்து பேர் எளிதாகத் தேறினார்கள். நூலகச் செயலாளர் பதவிக்கு முன்மொழியப்பட்டவர் ராம்சாமி, பிஜியிலிருந்து வந்த தச்சர். மண்டபத்துப் புத்தக அலுமாரிகள் அவர் செய்தவை. தமிழ் பேசுவார், எழுத்து தெரியாது. அதை அவர் ஒருவனிடம்தான் சொல்லியிருந்தார். தன் வீட்டு முன்னறையில் எட்டு மாதம் வாடகையில்லாமல் அவர் தங்கவைத்திருந்த சற்குணத்திடம், எழுத்துக் கற்றுத்தரும்படி கேட்டபோது. சற்குணத்துக்கும் அந்தப் பதவியில் ஆசை இருந்தது.

அவன் ஒரு புத்தகத்தை நீட்டி, "முதல் வரியை வாசியுங்கோ, அண்ணை" என்றான். ராம்சாமி பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ, "தச்சர் கடதாசியின்ர தடிப்பைப் பாக்கிறார்" என்றார், சபை சிரித்தது. ராம்சாமி புத்தகத்தை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தார். எதிர்ப்பவர்கள் கை தூக்கும்படி தலைவர் கேட்டார். முதலில் எழுந்தது சற்குணத்தின் கை. எண்ணி முடிந்ததும் மற்ற இருபத்தாறு கைகளும் இறங்கின.

எலும்பில் குறையில்லை என்றார்கள் வைத்தியர்கள். மனைவி யோகராணி அவனுடைய சட்டைகளின் வலது தோளைப் பிரித்துத் தைத்தாள். ஒரே ஒருமுறை, "தெரிஞ்சுகொண்டுதானே கேட்டனீங்கள்" என்றாள். அவன் ஓம் என்றான். வீதியோரம் அவன் நின்றால் எல்லா பஸ்களும் நின்றன. ஒவ்வொரு சாரதியிடமும் மன்னிப்புக் கேட்டான். விரி என்ற புறநகரில், அவன் வேலை செய்த களஞ்சியசாலையில், அவனை மேல்தட்டுப் பெட்டிகளுக்கு மாற்றினார்கள். ராம்சாமியிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை மட்டும் பதினொரு தடவை அவர் வாசல்வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தான்.

1988இல் தலைவர் ராம்சாமியையே மறுபடி முன்மொழிந்தார். இம்முறை அவர் ஒரு பக்கம் முழுவதையும் மெதுவாக வாசித்தார். கற்றுக்கொடுத்தது யோகராணி என்பதை சற்குணம் அங்கேதான் அறிந்தான். ஆதரிப்பவர்கள் கை தூக்கினார்கள். எண்ணிக்கொண்டு வந்த தலைவர் சற்குணத்தின் முன் தயங்கினார்.

"அவர் கையை எண்ணாதீங்க," என்றார் ராம்சாமி. "அது ரெண்டு வருஷத்துக்கு முந்தின கை."

யாரும் சிரிக்கவில்லை. சற்குணம் எழுந்தான். "நான் செய்தது பிழை, அண்ணை. எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் கேட்டனான்" என்று சபைக்கு முன் சொல்லி, இடது கையைத் தூக்கினான். தலைவர் அதை எண்ணினார். பிறகு இடது கை இறங்கியது. வலது கை இறங்கவில்லை. எல்லோரும் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுத் தேநீருக்குப் போனார்கள். குறிப்பேட்டில் உள்ளது இவ்வளவுதான்: ஆதரவு ஐம்பத்திரண்டு, எதிர்ப்பு, சற்குணத்தின் வலது கை நீங்கலாக, இல்லை.