மாம்பழ டப்பாவும் சாம்பிராணிப் புகையும்

எனக்கு மிஷின் மேல் நம்பிக்கை கிடையாது. மனுஷன் மேலும் பெரிதாகக் கிடையாது. சாம்பிராணி வாங்கினால்கூடக் கட்டியை உடைத்து, ஒரு துணுக்கை நெருப்பில் போட்டு, மோந்து பார்த்த பிறகுதான் பையில் போடுவேன். கடைக்காரன் முகம் சுளிப்பான். சுளிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் தோளில் பச்சைத் துண்டு, ஒரு கையில் தூபக்கால், இன்னொரு கையில் மயில்தோகை விசிறி. திருவொற்றியூரில் ஆரம்பித்து எர்ணாவூர் வரைக்கும் கடை, பட்டறை, கம்பெனி என்று புகை போட்டுக்கொண்டே போவேன். ஜும்மா தொழுகைக்குள் முடித்துவிடுவேன். எந்தச் சாமி கும்பிடுகிறவராக இருந்தாலும் "சௌக்கத் பாய், உள்ள வாங்க" என்பார்கள். புகை போட்டால் கண்ணேறு போகும், வியாபாரம் நடக்கும் என்று அவர்களுக்கு நம்பிக்கை.

எர்ணாவூரில் செங்குட்டுவன் பிளாஸ்டிக் டப்பா செய்கிற கம்பெனி வைத்திருக்கிறார். கன்டெய்னர் லாரி கிளப்புகிற தூசிக்குப் பயந்து ஷட்டரைப் பாதி இறக்கியே வைத்திருப்பார். உள்ளே நீள மேசையில் பெண்கள் டப்பாவுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அன்புக்கரசியும் அந்த மேசையில்தான் இருந்தாள். வியாசர்பாடிப் பெண். அவர்கள் வீட்டில் புத்தரைத்தான் கும்பிடுவார்கள். நான் புகையோடு போனால் மற்றவர்கள் கையை நீட்டி வாங்கி முகத்தில் ஒற்றிக்கொள்வார்கள். இவள் "வா பாய்" என்று சிரித்து வழிவிடுவாள், அதோடு சரி. அது எனக்குப் பிடிக்கும். நம்பாதவள் நம்புகிற மாதிரி நடிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை போனால், புது மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா பாப்பா, இங்க நிக்கற?"

"நான்தான் ஓட்டறேன். மிஷின் மாட்ட வந்தவங்க பின்னாடியே நின்னு கத்துகினேன். பாரு பாய், இதுல ஒட்டற வேலையே கெடயாது."

பார்த்தேன். இரும்புக் கை ஒன்று அடுக்கிலிருந்து ஒரே ஒரு லேபிளை உறிஞ்சி எடுத்தது. திறந்திருந்த மோல்டுக்குள், டப்பா வார்க்கிற அச்சுக்குள் போய், அதன் சுவரில் வைத்துவிட்டு வெளியே வந்தது. பசை இல்லை, லேபிள் விழவும் இல்லை. மோல்டு மூடியது. திறந்தபோது டப்பா வெளியே வந்தது, உடம்பிலேயே படத்தோடு.

"பசை இல்லாம எப்டி நிக்குது?"

"லேபிளுக்குக் கொஞ்சம் கரண்டு ஏத்தறாங்க. சீப்ப தலைல தேச்சா பேப்பர் ஒட்டுமே, அந்த மாதிரி. அப்பால உருகின பிளாஸ்டிக்கு அதும் முதுவுல வந்து சேந்துக்குது. லேபிளும் அதே பிளாஸ்டிக்குதான். ரெண்டும் ஒண்ணாப் பூடும்."

நான் நம்பவில்லை. ஒரு டப்பாவை வாங்கிப் போய், நகத்தால் சுரண்டினேன். கத்தி முனையால் நெம்பினேன். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் வெந்நீரும் ஊற்றினேன். படத்தின் ஓரம் எங்கே என்று விரலுக்கு அகப்படவே இல்லை. என் வீட்டுக்காரி பதுருன்னிசா வந்து பார்த்துவிட்டு, "அது உங்கள இன்னா பண்ணுச்சு? வுடுங்க" என்று டப்பாவைப் பிடுங்கி அதில் புளி போட்டுவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் ஷட்டருக்குள் குனிந்து நுழையும்போதே செங்குட்டுவன் ஓடி வந்தார்.

"பாய், இன்னைக்கு நல்லாப் போடுங்க. மூலை முடுக்கு வுடாதீங்க. மத்தியானம் ஐஸ்கிரீம் கம்பெனிலேர்ந்து பார்க்க வராங்க. புடிச்சிச்சுன்னா வருசம் பூரா நம்ம டப்பாதான்."

ஐஸ்பெட்டியில் ஈரம் பட்டுப் பழைய ஸ்டிக்கரெல்லாம் வழுக்கி விழுகிறதாம். அதனால்தான் இந்த டப்பாவைக் கேட்டிருக்கிறார்கள். வெள்ளை டப்பா, அதன்மேல் கண்ணாடி மாதிரி தெளிந்த லேபிள், அதில் ஒரே ஒரு மாம்பழம். வேறு பூ இல்லை, கோடு இல்லை. மாம்பழம் வெள்ளையில் மிதக்கிற மாதிரி இருந்தது. சொல்லக்கூடாது, ஆனால் அழகாகத்தான் இருந்தது.

புது மிஷினைச் சுற்றி இரண்டு கை சாம்பிராணி கூடுதலாகப் போட்டு விசிறினேன். அடுத்த பட்டறைக்குப் போகத் திரும்பினபோது அன்புக்கரசி மிஷினை நிறுத்தினாள்.

டப்பாவில் பொட்டுப் பொட்டாகக் கறுப்பு. மிளகைப் பொடித்துத் தூவின மாதிரி, மாம்பழத்தைச் சுற்றி. துணியால் துடைத்தாள். போகவில்லை. லேபிளுக்கு அடியில் இருந்தது.

செங்குட்டுவன் கத்த ஆரம்பித்தார். "மோல்டத் தொடச்சியா? பிளாஸ்டிக் மணிய சலிச்சியா? இந்த வேலை ஒனக்கு வராதுன்னு அப்பவே எனக்குத் தெரியும். அவங்க வரதுக்குள்ள சரியாகலன்னா வெளியிலேர்ந்து ஆளக் கூப்டுவேன். நீ பழையபடி ஸ்டிக்கர் மேசைக்குப் போ." அப்படியே என் பக்கம் திரும்பினார். "பாய், ஏதோ கண்ணு பட்டுருக்குது. இன்னொரு தடவ போடுங்க."

போட்டேன். அவள் மோல்டைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். இந்த முறை வந்த டப்பாக்களில் பொட்டு இன்னும் அதிகம். செங்குட்டுவன் தலையில் கை வைத்துக்கொண்டு போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அவள் அழவில்லை. காலையிலிருந்து வந்த டப்பாக்களை வந்த வரிசைப்படியே அடுக்கி வைத்திருந்தாள். அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கொஞ்ச தூரம் வரைக்கும் சுத்தம். அப்புறம் பொட்டு. நடுவில் கொஞ்சம் குறைந்து, திரும்பவும் அதிகம். என்னைப் பார்த்தாள். தூபக்காலைப் பார்த்தாள்.

"பாய், இங்க வா. கோச்சுக்காத."

"கோச்சுக்க இன்னா கீது?"

ஒரு லேபிளை எடுத்து என் தோள் துண்டில் பரபரவென்று தேய்த்தாள். அதைத் தூபக்காலுக்கு மேலே பிடித்தாள். நேராக மேலே போய்க்கொண்டிருந்த புகை வளைந்து அதை நோக்கிப் போனது. கரியும் சாம்பலும் துள்ளி எழுந்து லேபிளில் போய் உட்கார்ந்தன. எறும்பு சர்க்கரைக்குப் போகிற மாதிரி.

"கரண்டு ஏத்தின லேபிளு. தூசி எங்க கீதோ அங்கேர்ந்து இழுக்குது. போன வாரம் லேபிளு பூரா படம், அதனால தெரியல."

"இன்னா ஃபிலிம் காட்றியா? நான் புகை போட்டு இதுவரைக்கும் ஒருத்தனுக்கும் கெடுதல் வந்ததில்ல" என்றேன். லேபிளை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். புதுசாக ஒன்றை நானே எடுத்து, நானே தேய்த்து, நானே பிடித்தேன். கரி துள்ளியது. துண்டைத் திருப்பி மறுபக்கத்தில் தேய்த்துப் பார்த்தேன். அப்போதும் துள்ளியது.

லேபிளை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"போய் மொதலாளிகிட்ட சொல்லு. ஒன் மேல தப்பு இல்லன்னு தெரியட்டும்" என்றேன்.

"சொல்லலாம். சொன்னா இன்னா ஆவும்? பாய் போட்ட புகைலதான் ஆர்டரு கெட்டுச்சுன்னு ரோடு பூரா பேசுவாங்க. அப்பால ஒன்ன எவன் உள்ள கூப்புடுவான்? அதெல்லாம் வோணாம். நீ வெளிய போயிடு, நான் எல்லாத்தயும் தொடச்சி, காத்தாடி வச்சி பொகைய பின்பக்க ஜன்னலு வழியா வெரட்டிட்டு ஓட்டறேன்."

"அவரு திரும்பவும் என்னக் கூப்டுவாரே?"

"அதான் ரோசனையா கீது."

நான் அவளை ஏற இறங்கப் பார்த்தேன். என் புகையில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. இந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அவள் இடம் அவளுக்கு நிலைக்கும். சொல்ல மாட்டேன் என்கிறாள், அதுவும் பெரிய தியாகம் மாதிரி மூஞ்சியை வைத்துக்கொள்ளாமல், ஸ்பேனரைத் தேடிக்கொண்டே. இந்த மாதிரி ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

தூபக்காலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். செங்குட்டுவன் போனில் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"போன வையுங்க மொதலாளி. அந்த மிஷினுக்கு இனிமே புகை கெடயாது."

அவர் போனைக் காதிலிருந்து இறக்கினார். "ஏன் பாய்? அபசகுனமா?"

"அபசகுனம் இல்ல, கரி. என் சாம்பிராணிக் கரிதான் லேபிள் அடியில கீது. அந்தப் பொண்ணு கண்டுபுடிச்சா. நம்பாம நானும் செஞ்சு பாத்துட்டேன். அவ வேலைல ஒரு குத்தமும் இல்ல."

"புகை போடலன்னா எப்டி பாய்? இன்னைக்குப் போயி..."

"கெட்டது உள்ள இருந்தாத்தானே வெரட்டணும்? நான் சுத்திப் பாத்துட்டேன், உள்ள ஒண்ணும் கெட்டது இல்ல. வெளியிலேர்ந்து வராம இருக்கணும், அவ்ளோதானே? வாசல்ல போடறேன். நீங்க ஷட்டர முழுசா எறக்குங்க."

அவள் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரோ என்னவோ. சாம்பிராணி போடுகிறவனே போடாதே என்றால் என்ன செய்வார்? ஷட்டரை இறக்கினார். நான் வெயிலில் நின்று வாசலுக்குப் புகை போட்டுவிட்டு, மற்ற இடங்களையும் முடித்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனேன். தொழுகையில் மனசு நிற்கவில்லை. அந்த இரும்புக் கை லேபிளோடு போய்ப் போய் வந்தது. போன வழியே திரும்பி வருகிற வழக்கம் எனக்கு இல்லை. அன்றைக்கு வந்தேன்.

ஐஸ்கிரீம் கம்பெனி அம்மா ஒருத்தி ஐஸ் தண்ணீர் வாளியிலிருந்து டப்பாவை எடுத்து, தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவி மாம்பழத்தின் ஓரத்தைக் குத்திக் கிளப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை மாதிரியே சந்தேகப் பிறவி. ஊசி வளைந்தது. மாம்பழம் அப்படியே இருந்தது. சுற்றிலும் வெள்ளை, ஒரு பொட்டு இல்லை.

"யாரு ஓட்டினது?" என்று கேட்டாள்.

"நம்ம அன்பு" என்றார் செங்குட்டுவன், முன்பு கத்தியதே இல்லாத மாதிரி. "இந்த மிஷின் அது பொறுப்புதான்."

அவர்கள் போன பிறகு, பொட்டு விழுந்த டப்பாக்களை எல்லாம் அரைக்கிற மிஷினில் கொட்டினாள். லேபிளைப் பிரிக்க வேண்டாம், அப்படியே அரைத்து வேறு ஏதாவது செய்யலாமாம். ஒன்றை மட்டும் எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இந்தா பாய். ஒன் பொகதான். நீயே வச்சுக்கோ."

"ஏன், நக்கலா?"

"ஆமா."

இப்போது என் சாம்பிராணி அந்த டப்பாவில்தான் இருக்கிறது. நான் போட்ட புகையெல்லாம் அன்றன்றைக்கே எண்ணூர்க் காற்றோடு போய்விடும். இது ஒன்றுதான் நின்றிருக்கிறது, மாம்பழத்தைச் சுற்றி, பொட்டுப் பொட்டாக. எர்ணாவூர் வாசலில் வெள்ளிதோறும் புகை போடுகிறேன். ஷட்டர் இறங்கியிருக்கும். உள்ளே அவள் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டால்தான் அடுத்த கடைக்கு நகர்வேன்.

லேபிளை இன்னும் அவ்வப்போது நகத்தால் சுரண்டிப் பார்க்கிறேன். வரவில்லை.