மண்ணூர்பேட்டை சபையின் கடைசி பெஞ்சு

மண்ணூர்பேட்டை கிழக்கு வாசல் சபையில் கடைசியாகக் கிடந்த பெஞ்சு, 2023 மார்ச் முதல் ஞாயிறன்று திருவிருந்து நடந்துகொண்டிருந்தபோது, ஜோதிகாவைச் சுமந்துகொண்டு ஒரு முழம் முன்னால் நகர்ந்தது. சத்தம் எதுவும் வரவில்லை. அன்று கரண்ட் இல்லாததால் எல்லாரும் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள், கவனித்தவர்கள் குறைவு. முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் முதுகில் ஏதோ இடிக்கிறதே என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். அடுத்த மாதம் முதல் ஞாயிறன்று அது இன்னொரு முழம் வந்தது. மாதம் ஒரு முறை, திருவிருந்து நாளில் மட்டும்தான் இந்த வேலை. மற்ற ஞாயிறுகளில் வைத்த இடத்தில் சமர்த்தாக இருந்தது.

அந்தப் பெஞ்சைப் பற்றி வெளியாட்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சபை யார்மேலாவது ஒழுங்கு நடவடிக்கை எடுத்தால் அவர்கள் அங்கேதான் உட்கார வேண்டும். திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் அந்தப் பெஞ்சுக்கு வராது. குடித்துவிட்டு ஆராதனைக்கு வந்தவர்கள், வேறு மதத்தில் கல்யாணம் செய்தவர்கள், கமிட்டிமேல் வழக்குப் போட்டவர்கள் என்று பலர் அதைத் தேய்த்திருக்கிறார்கள். மூன்று மாதம் உட்கார்ந்து, ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். ஜோதிகா எழுதிக் கொடுக்கவில்லை. அவள் பக்கத்துத் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கிறவள். அவள் புருஷன் சரண் அவளுடைய வலது மணிக்கட்டை உடைத்தான். அவள் மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு, திருநின்றவூரில் ஒற்றை அறை வாடகைக்குப் பிடித்துப் போய்விட்டாள். புகாரை வாபஸ் வாங்கி வீடு திரும்பும்வரை கடைசி பெஞ்சு என்று கமிட்டி தீர்ப்புச் சொன்னது. சரண் சபையில் கீபோர்டு வாசிப்பவன். வேறு ஆள் இல்லை என்பதால் அவன் வாசித்துக்கொண்டே இருந்தான். இதை எழுதும்போது இன்றைக்கும் கோபம் வருகிறது.

அவள் வேறு சபைக்குப் போயிருக்கலாம். திருநின்றவூருக்கும் மண்ணூர்பேட்டைக்கும் நடுவே சபைகளுக்கா பஞ்சம். ஆனால் ஞாயிறு தவறாமல் ரயிலேறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வந்து உட்கார்ந்தாள், திருவிருந்து நாளில் அப்பத் தட்டு தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். புகாரும் இருக்க வேண்டும், திருவிருந்தும் வேண்டும். கமிட்டியோ இரண்டில் ஒன்று என்றது.

பெஞ்சு நாலு முழம் வந்தபின் கமிட்டி விழித்துக்கொண்டது. முதலில் அதைத் தூக்கிப் பழைய இடத்தில் போட எட்டு ஆண்கள் சேர்ந்து பார்த்தார்கள். இடுப்புப் பிடித்ததுதான் மிச்சம். பிறகு எஸ்டேட்டில் பட்டறை வைத்திருக்கும் கோவிந்தனைக் கூப்பிட்டுத் தரையோடு போல்ட் அடித்து முறுக்கச் சொன்னார்கள். அவரும் நாலு காலுக்கும் நாலு போல்ட் போட்டார். அடுத்த முதல் ஞாயிறன்று பெஞ்சு தன் கீழிருந்த டைல்ஸையும் சேர்த்துக்கொண்டு ஒரு முழம் போனது. மறுநாள் வந்து குனிந்து பார்த்த கோவிந்தன், "என் வேலையில இன்னா கொற? பெஞ்சு நவுரல, தரதான் நவுந்துகீது" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அந்த வாரம் கமிட்டி நிறைவேற்றிய தீர்மானம் நோட்டில் இன்றும் இருக்கிறது: பெஞ்சு நகர்வதாகக் கூறப்படுவதைச் சபை ஏற்கவில்லை, அதற்கு முன்னால் இடைஞ்சலாக உள்ள பாய்களை அகற்றி வழிவிடுவது.

பெஞ்சை நிறுத்த முடியாது என்று தெரிந்ததும், அதில் உட்கார்ந்திருப்பவளை எழுப்பலாம் என்று போதகருக்குத் தோன்றியது. அதற்கு அவர் கவுன்சிலர் கிருபாகரனை அனுப்பினார். கிருபாகரன் அந்தச் சபையிலேயே ஞானஸ்நானம் வாங்கி, அங்கேயே தாலி கட்டி, அந்தச் சபையின் ஓட்டில் ஜெயித்தவர். 212 ஓட்டு வித்தியாசம். சபையில் மட்டும் முன்னூறு ஓட்டு. தெருவுக்குத் தெரு பஞ்சாயத்துப் பேசிப் பழகிய வாய் என்பதால் இதையும் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்து திருநின்றவூருக்குப் போனார். ஜோதிகா டீ போட்டாள். வலது மணிக்கட்டு திரும்பாது என்பதால் இடது கையால் ஊற்றினாள்.

"கேஸ வாபஸ் வாங்கிகினு ஊட்டுக்குப் போம்மா. சரண்கிட்ட நான் பேசறேன். இனிமே கை வெக்க மாட்டான்" என்றார் கிருபாகரன்.

"பாஸ்டர் சொல்லி அனுப்பனாரா, உங்களுக்கே தோணுச்சா அண்ணே?"

அவர் டீ டம்ளரை எடுத்துக்கொண்டார்.

"கைய ஒடச்சவன் முன்னால ஒக்காந்து கீபோர்டு வாசிக்கறான். ஒடஞ்ச கை பின்னால கீது. இதுல நான் எத வாபஸ் வாங்கணும், நீங்களே சொல்லுங்க."

கிருபாகரனுக்கு வெட்கமாக இருந்தது. பத்து வருஷ அரசியலில் பஞ்சாயத்தை முடிக்காமல் டீயை மட்டும் குடித்துவிட்டு வந்தது அதுதான் முதல் தடவை. வீட்டில் அவர் மனைவி மோகனப்பிரியா, "இன்னா பேசிட்டு வந்தீங்கன்னு நான் கேக்கல. மூஞ்சே சொல்லுது" என்றார். அடுத்த திருவிருந்து ஞாயிறு அந்த அம்மாள் தன் பாயை விட்டு எழுந்து போய், தன்மேல் எந்த நடவடிக்கையும் இல்லாதபோதே கடைசி பெஞ்சில் ஜோதிகாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தட்டு அவரையும் தாண்டிப் போனது.

அதன்பின் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஐந்து பேர் உட்காரும் பெஞ்சு. ஆறாவது ஆள் வந்தபோது ஆறு பேருக்கு இடம் இருந்தது. பத்தாவது வந்தபோது பத்துக்கும் இருந்தது. பொருளாளர் டேப் வைத்து இரண்டு முறை அளந்தார். இரண்டு முறையும் எட்டடிதான். 2024 முடியும் நேரத்தில் அதில் பத்தொன்பது பெண்கள் தோள் இடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சு பாதி தூரத்தைத் தாண்டியிருந்தது.

உட்கார்ந்தவர்கள் சும்மா உட்காரவில்லை. சபைக்கு அடுத்தாற்போல் மாநகராட்சியின் பழைய மருந்தகக் கட்டடம் ஒன்று பூட்டிக் கிடந்தது. அடிபட்டு வெளியே வரும் பெண்கள் வந்து தங்க அதைத் திறந்துவிட வேண்டும் என்று ஜோதிகா ஒரு மனு எழுதினாள். அவளோடு வேலை பார்க்கும் பூந்தமல்லி குல்ஷன் தன் தெருவில் கையெழுத்து வாங்கி வந்தாள். நானூறு பேர் போட்டிருந்தார்கள். மனுவை வாங்கிய கிருபாகரன், தானே மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் கொண்டுவருவதாகச் சொன்னார். ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது. குடும்பத்தை உடைக்கிற வீடு சபையின் சுவரை ஒட்டி வரக்கூடாது என்று கமிட்டி பொங்கியது. தீர்மானத்தைக் கைவிடாவிட்டால் கிருபாகரனின் பெயரைச் சபையிலிருந்து நீக்குவது என்று பொதுக்கூட்டம் கூட்டியது. அந்தச் சபையில் குடும்பத்துக்கு ஒரு ஓட்டு. அதைக் குடும்பத் தலைவர் போடுவார். தலைவர் என்றால் ஆண். அம்பத்தெட்டுத் தலைவர்கள் வந்திருந்தார்கள். பெண்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

கிருபாகரன் எழுந்து, வழக்கமாக மைக்கைத் தட்டிப் பார்ப்பவர், அன்று மைக்கே இல்லாமல் பேசினார். "அம்பத்தெட்டு கை கீது இங்க. பொம்பளைங்க தங்கற ஊட்டப் பத்திப் பேசறோம், ஒரு பொம்பள கைகூட இதுல இல்ல. நீங்க கையத் தூக்கறதுக்கு முன்னால நானே போயிடறேன்."

"யோசிச்சுக்கோ கிருபா. உங்க தாத்தா இந்தச் சபைக்குக் கல்லு சொமந்தவரு" என்றார் போதகர். அவர் கெட்டவர் இல்லை. கமிட்டிக்குப் பயந்தவர்.

"அதனாலதான் பாஸ்டர் இவ்ளோ நாள் யோசிச்சேன்."

அழைப்பிதழின் பின்பக்கத்திலேயே ராஜினாமாவை எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். மனதுக்குள் அழுகை முட்டியது. ஆனாலும் அரசியல்வாதி அல்லவா, வேப்பமரத்தடியில் யாராவது நாலு நல்ல வார்த்தை சொல்வார்கள் என்று எதிர்பார்த்தார். ஜோதிகா சொன்னது வேறு. "நீங்க போலாம் அண்ணே. எங்க போனாலும் உங்களுக்கு ஒரு சேர் போடுவாங்க. நான் போவ மாட்டேன். இது என் சபை."

மோகனப்பிரியாவும் போகவில்லை. அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் கிருபாகரன் மனைவியை ஸ்கூட்டரில் கொண்டுவந்து கேட்டருகே இறக்கிவிட்டு, எதிரில் டீக்கடையில் பேப்பர் படித்தார். செய்தித்தாள்களில் அவர் சபையை விட்ட செய்தி படத்தோடு வந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. 2024 டிசம்பரில் மன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. கட்சிக்காரர்கள் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள். அடுத்த முறை சீட்டுக் கிடையாது என்று வீடு தேடி வந்து சொன்னார்கள். அவர் சரி என்றார். 2025 ஆகஸ்டில் மருந்தகக் கட்டடம் வெள்ளையடித்துத் திறக்கப்பட்டது. முதல் வாரமே நசரத்பேட்டையிலிருந்து இரண்டு குழந்தைகளோடு ஒருத்தி வந்து சேர்ந்தாள். பெஞ்சு அது பாட்டுக்கு மாதம் ஒரு முழம் வந்துகொண்டிருந்தது.

முப்பத்தாறாவது முழம் 2026 பிப்ரவரி முதல் ஞாயிறன்று முடிந்தது. பெஞ்சு திருவிருந்து மேஜையின் முன்னால் வந்து, மேஜைத்துணி ஜோதிகாவின் முழங்காலில் படும் தூரத்தில் நின்றது. போதகர் அப்பத் தட்டோடு திரும்பியபோது எதிரில் பத்தொன்பது பெண்கள் இருந்தார்கள். சுற்றிக்கொண்டு போக இடம் இல்லை. அவர் கமிட்டிக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்கள். கீபோர்டு நின்றுவிட்டிருந்தது. ஜோதிகா கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. கையை நீட்டியபடி இருந்தாள்.

"புகார வாபஸ் வாங்கலையேம்மா?" என்று போதகர் மெதுவாகக் கேட்டார்.

"வாங்கல பாஸ்டர். வாங்கவும் மாட்டேன்."

போதகர் தட்டிலிருந்து ஒரு அப்பத் துண்டை எடுத்தார். அவள் உள்ளங்கையில் அதை வைத்தார். அடுத்து மோகனப்பிரியாவுக்கு வைத்தார். வரிசையாகப் பத்தொன்பது கைகளுக்கும் வைத்துவிட்டு, அதன்பிறகே பின்னால் இருந்தவர்களிடம் போனார். எவரும் எழுந்து போகவில்லை.

பெஞ்சு அதன்பின் நகரவில்லை. பெருக்குகிறவர்கள் அதைச் சுற்றிப் பெருக்குகிறார்கள். சரண் பேரில் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. கீபோர்டுக்கு வேறு பையன் வந்துவிட்டான். அடுக்குமாடி வீடுகளிலிருந்து புதிதாகச் சேர்கிறவர்கள் தட்டு எப்போது தங்கள் பக்கம் வரும் என்று கேட்டால், கடைசி பெஞ்சிலிருந்து கொடுத்துக்கொண்டு வருவார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று பழையவர்கள் சொல்கிறார்கள்.