ரெண்டும் வலது

லிஃப்ட் ரிப்பேர்காரர் வீட்டில் வெளிச்சம் வரும் ஜன்னல் ஒன்றே ஒன்று. அதன் கீழே கிடந்த மேஜைக்குத்தான் பத்து மாதமாகச் சண்டை. பாத்திரம் பறக்கிற சண்டை இல்லை. அப்படியாவது இருந்தால் அக்கம்பக்கத்துக்குப் பொழுது போயிருக்கும். இது பெருமூச்சுச் சண்டை.

மேஜை முழுக்க அவருடைய ஃபோம் அட்டை, மூங்கில் சீவல், டேப், உப்புத்தாள். டிவி பெட்டிக்குள் வெள்ளையாக வருமே, அதே ஜாதி ஃபோம், கொஞ்சம் மெல்லிசு. அதை நீளமாக வெட்டி, முன் ஓரத்தை உருட்டையாகவும் பின் ஓரத்தைக் கூராகவும் தேய்த்து, உள்ளே மூங்கில் பதித்து, ரிமோட்டில் ஓடும் குட்டி விமானத்தின் தலைமேல் இரண்டு இறக்கைகளாக மாட்டுவார். அந்தச் சுற்று இறக்கைக்கு மோட்டார் கிடையாது. மூக்கிலிருக்கும் மோட்டார் விமானத்தை இழுத்துக்கொண்டு ஓட, எதிர்க்காற்றில் அது தானாகச் சுற்றித் தூக்க வேண்டும். தூக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பதினொரு ஜோடி செய்தார். பதினொன்றும் புல்லில் மூக்கைக் குத்திக்கொண்டன. ஊர் லிஃப்டையெல்லாம் மேலே அனுப்புகிறவருக்குச் சொந்தமாக ஒன்று மேலே போகமாட்டேன் என்கிறதே என்று கீழ்வீட்டில் சிரித்தார்கள். கீழ்வீட்டில் மட்டும்தானா?

அவர் மனைவி தையல்காரி. இருட்டு மூலையில், ட்யூப்லைட்டுக்குக் கீழே அவள் மிஷின். அந்த மாதம் அவளுக்கு வந்தது பள்ளிக்கூட ஆர்டர், அறுபது கறுப்பு கோட்டு. கறுப்புத் துணியில் கறுப்பு நூலைத் தேடித் தேடி, சாயங்காலமானால் கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டமாதிரி இருந்தது. பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து தைக்கச் சொல்லிக் கண் டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டை மேஜைமேல் வைத்தாள். அவர் அதன்மேல் பசை டப்பாவை வைத்தார்.

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். பன்னிரண்டாவது ஜோடி ஞாயிற்றுக்கிழமை பறந்தால் மேஜை அவருக்கு. அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கக் கூடாது. பறக்காவிட்டால் அன்றைக்கே மிஷின் ஜன்னலுக்கு வரும்.

வியாழக்கிழமை மனுஷன் லிஃப்ட் கதவில் கையைக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். வலது கையில் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் கட்டு. ரிமோட்டைத் தள்ளக் கட்டைவிரல் போதும். கத்தியை அழுத்திப் பிடிக்க முடியாது. வெட்டாத ஃபோமையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு வந்தது பரிதாபம்தான். எரிச்சல் என்று சொல்லிக்கொண்டாள்.

"அளவு அட்டையை இப்படிக் குடுங்க. தெனம் இருபது ஜோடி கை வெட்டுறவளுக்கு இது ஒரு வேலையா?"

எந்த ஓரம் உருட்டை, எது கூர், மூங்கில் எங்கே என்று எல்லாம் சொல்லிவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் வலி மாத்திரை போட்டுப் படுத்துவிட்டார். அவள் கோட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஃபோமை எடுத்தாள். சட்டைக்குக் கை வெட்டுகிற பழக்கம் இருக்கிறதே: அளவு அட்டையை வைத்து ஒன்று, அதையே திருப்பிப் போட்டு ஒன்று. ஒன்று கெட்டால் இருக்கட்டும் என்று அதே மாதிரி இன்னொரு ஜோடி. தேய்த்து, மூங்கில் பதித்து, டேப் ஒட்டி, கரண்டிக் காம்பின்மேல் நிறுத்தி எடை சமமா என்றுகூடப் பார்த்துவிட்டாள். அவர் எழுந்து வந்து ஒன்றை எடுத்துத் தடவினார். பதினொரு ஜோடியிலும் இந்த வழவழப்பு வரவில்லை என்றார். மாட்டிப் பார்க்கவில்லையா என்றால், அவ்வளவு நீளத்தை மாட்டிக்கொண்டு அந்த வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. மைதானத்தில்தான் மாட்டுவது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பல் டாக்டர் இருந்தார். இவரோடு விமானம் விடுகிற கூட்டாளி. வேடிக்கை பார்க்க நாத்தனார் மடக்கு நாற்காலியோடு வந்திருந்தாள். அவருக்குக் கை ஆகாததால் டாக்டரே இறக்கையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி முடுக்கிவிட்டார். விமானம் ஓடியது. இறக்கை சுற்றவில்லை. கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி, மருந்து வேண்டாம் என்கிற குழந்தைமாதிரி தலையை ஆட்டியது. துரத்தின கோழியாய் வேலிவரை ஓடி நின்றது. மூன்று தடவை.

அவர் குந்தி உட்கார்ந்து இரண்டு இறக்கையையும் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணு வலது, ஒண்ணு இடது," என்றார். குரலில் கோபமே இல்லை. இரண்டும் ஒரே பக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று முன்னே போகும், ஒன்று பின்னே இழுக்கும் என்று டாக்டருக்குத்தான் விளக்கினார், அவளுக்கு இல்லை.

"அண்ணி, மேஜை மேல அவ்வளவு ஆசையா? வாயால கேட்டிருக்கலாமே," என்றாள் நாத்தனார்.

பத்து மாதமாக வாயால் கேட்டவள்தான் அவள். புல்லில் உட்கார்ந்தாள். அவர் ஒற்றைக் கையால் சாமானை மூட்டை கட்டத் தொடங்கி, சாயங்காலம் மிஷினை இழுத்துப் போட்டுவிடலாம் என்றார். சும்மா இருந்தால் போதும், ஜன்னல் அவளுக்கு. அவள் கால்மாட்டுப் பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில், அவருக்குத் தெரியாத அந்த இரண்டாவது ஜோடி கிடந்தது.

இருபது வருஷத்தில் தப்பாக வெட்டின துணி ஒன்று அவள் கையிலிருந்து வெளியே போனதில்லை. இனி ஆயுசுக்கும் நாத்தனார் வாயில் இந்த இறக்கை சுற்றும், விமானத்தில் சுற்றாவிட்டாலும். அதைவிட, மூட்டை கட்டுகிற அந்த ஒற்றைக் கையைப் பார்க்க முடியவில்லை.

"இதுல ஒரு வலது இருக்கு," என்று பையைத் தள்ளினாள். "ரெண்டு வலதையும் சேத்து மாட்டுங்க."

இந்தத் தடவை இறக்கை யோசித்து யோசித்துச் சுற்ற ஆரம்பித்தது. அப்புறம் இறக்கை தெரியவில்லை, வட்டம்தான் தெரிந்தது. சக்கரம் புல்லை விட்டது. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அலுத்துப்போனவன் நாற்காலியில் சாய்கிறமாதிரி வந்து உட்கார்ந்தது. டாக்டர் கை தட்டினார். இவர் தட்டவில்லை, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

டாக்டர் தனக்கும் ஒரு ஜோடி வேண்டும் என்றார். இவர் அவள் பக்கம் திரும்பினார்.

"இனிமே நீயே வெட்டேன்."

"அந்த மூலையில வச்சா? எனக்குக் கண்ணு தெரியல."

"மேஜையில வச்சுதான்."

"மேஜை உங்களோடது. பேசினது பேசினதுதான்."

மனசுக்குள் லிஃப்ட் மாதிரி இரண்டு மாடி ஏறி இறங்கிவிட்டுச் சொன்னார்: "மேஜை என்னோடதுதான். நீ உக்காரு."

அன்று சாயங்காலமே மிஷின் ஜன்னலுக்கு வந்தது. திங்கட்கிழமை காலை முதல் வெளிச்சத்தில் அவள் உட்கார்ந்தபோது, இடது பக்கம் முப்பத்தெட்டு கோட்டு பாக்கி, வலது பக்கம் டாக்டர் அனுப்பின ஃபோம் கட்டு. மேஜை கிடைத்தது, மேஜைமேல் இருந்த வேலையும் சேர்ந்தே கிடைத்தது. மூலையில் அவர் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

அவள் பெருமூச்சு விட்டாள், இந்தத் தடவை யாரோடும் சண்டைக்கு இல்லாமல். பென்சிலை எடுத்து அளவு அட்டையின் ஒரு பக்கம் 'வலது' என்று எழுதினாள். திருப்பி, மறுபக்கத்தில் குறுக்கே ஒரு பெரிய கோடு கிழித்தாள்.