பேசிக்கொண்டே நடப்பது

காலை ஆறரைக்குப் பந்தல்குடி ரோட்டில் வேகமாக நடந்துகொண்டே, பேசுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தேன். அறுபத்துமூன்று வயதில் இப்படி ஒரு பிழைப்பு. மாடிப்படி ஏறினால் இளைக்கிறது என்று முந்தின நாள் சுகாதார நிலையத்தில் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். நர்ஸ் ஹேமலதா பிடித்துக்கொண்டார்.

"சௌடையா ஐயா, நாளைக்குக் காலைல வேகமா நடந்து பாருங்க. நடக்கயில சேந்தாப்ல பேச முடிஞ்சா ஒடம்பு தேவலன்னு அர்த்தம். பேச்சு நடுவுல நின்னுச்சுன்னா மதுரைக்குப் போயி இருதயத்தப் பாத்துரணும். கூட ஒரு ஆளக் கூட்டிட்டுப் போங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். கூட்டிப்போக ஆள் இருந்தால் நர்ஸிடமே நான் ஏன் தனியாகப் போகிறேன்? மதுரை என்றாலே எனக்குப் பயம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மனைவி கங்கம்மாளைக் கொண்டுபோனேன், உயிரில்லாத உடம்பாகத்தான் திரும்பினாள். இப்போது நான் போனால் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர்கள், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்பார்கள். நோவைவிட அந்தக் கேள்விக்குத்தான் அதிகம் பயந்தேன்.

ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணிப் பார்த்தேன். அறுபது வரை போனது. எண்ணுவதெல்லாம் பேச்சாகுமா? திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் மகள் தேவிபிரியாவைக் கூப்பிட்டேன். கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருக்கிறாளாம், ஏறி உட்கார்ந்து கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ரோட்டில் தனியாகப் பேசினால் பைத்தியம் என்பார்கள், போன் இருந்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். வாயைத் திறந்தேன். வந்தது கன்னடம், எங்கள் வீட்டுப் பேச்சு. இரண்டு வருஷமாக வீட்டில் அதைப் பேச ஆள் இல்லை. கங்கம்மாளிடம்தான் சொன்னேன். எட்டு வருஷமாக நீ கேட்ட அடுப்படிக் குழாயை மாற்றியாயிற்று. பக்கத்து வீட்டில் நாய் வாங்கியிருக்கிறார்கள், என்னைப் பார்த்துத்தான் குரைக்கிறது. ரசம் வைக்கப் பழகிவிட்டேன், உப்புதான் இன்னும் பிடிபடவில்லை. சீமைக்கருவேலங்காடு முடிந்து செங்கல் சூளை வரைக்கும் பேச்சு நிற்கவில்லை. உடம்பு தேவலைதான் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. அன்றைக்கு நெஞ்சு எரிகிறது என்று சொன்னாயே, சோடா வாங்கித் தந்தேனே, அப்போதே உன்னை மதுரைக்கு...

அங்கே நின்றுவிட்டது. மூச்சா, வேறெதுவுமா என்று தெரியவில்லை. மைல்கல்லில் கைவைத்துக் குனிந்து நின்றேன்.

ஆடு பத்திக்கொண்டு சுப்பம்மாள் வந்தார். தண்ணீர் லாரி வரிசையில் கங்கம்மாளின் குடத்துக்கு அடுத்த குடம் எப்போதும் அவருடையதுதான்.

"என்னண்ணே, யாருகிட்ட இம்புட்டு நேரம் பேச்சு?"

"மகதான்" என்றேன்.

காதோடு ஒட்டியிருந்த போன் அப்போதுதான் அடித்தது. சுப்பம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு ஆடுகள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எடுங்கண்ணே, அடிச்சுக்கிட்டே கெடக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எடுத்தேன். ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது என்று மகள் கேட்டாள். நடக்கிறேன் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். ஒரு நாள் லீவு கிடைக்குமா, என்கூட மதுரைக்கு வர முடியுமா என்று கேட்டேன். கல்யாணம் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து நான் அவளிடம் எதுவும் கேட்டதில்லை.

அந்தப் பக்கம் பஸ் ஓடும் சத்தம் கேட்டது. பஸ்ஸுக்குள் யாரோ ஒரு பெண் சிரித்தாள். மகளின் பதிலுக்காகப் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, ஆடுகள் கிளப்பிவிட்ட புழுதிக்குள் மெதுவாக நடந்தேன்.