ஒன்பது நாற்பதுக்கு அறும் இணைப்பு

காலை ஐந்தரைக்கு எழும்புவேன். கிணற்றில் ஆறு வாளி அள்ளிக் குளிப்பேன். அக்கா தேத்தண்ணீர் தருவார், குடிப்பேன். ஒரு தேங்காய் துருவிக் கொடுப்பேன். அடையாள அட்டை சட்டைப் பையில் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஏழரைக்குச் சைக்கிளை எடுத்தால், இரண்டு சோதனைச் சாவடிகளைத் தாண்டி, எட்டேகாலுக்கு மாகாண சபை அலுவலகத்தில் கையெழுத்து வைப்பேன். சனி, ஞாயிறுகளில் சைக்கிள் மட்டும் இல்லை. மற்றதெல்லாம் அதேதான். என் மனைவி சுகிர்தா இறந்து பதினொரு மாதமாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

அவளுக்கு வந்தது டெங்குக் காய்ச்சல். நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் முடிந்தது. வயது இருபத்தாறு.

அவளுடைய அம்மா வள்ளிநாயகி மாமி சுவிற்சர்லாந்தில் மகனோடு இருந்தார். அகதி விண்ணப்பம் முடியாததால் வர ஏலவில்லை. செத்தவீட்டைத் தொலைபேசியில்தான் கேட்டார். பெட்டி மூடுகிற நேரம் அந்த அழைப்பும் அறுந்தது.

ஆண்டுத் திவசத்தையாவது மாமி கண்ணால் பார்க்க வேண்டும் என்று அந்த மகன், என் மச்சான், கமரா வைத்த மடிக்கணினி ஒன்றை ஆள் மூலம் அனுப்பினான். நான் தொலைபேசிக் கம்பியில் இணைய இணைப்பு எடுத்தேன். நண்பன் முத்தலிப்பின் கடையில் வயர்லெஸ் றவுட்டர் ஒன்று வாங்கினேன். தொலைபேசி இருந்தது முன்னறையில், வீதிப் பக்க யன்னலடியில். அங்கே இருந்த தகர டிரங்குப் பெட்டியின் மேல் றவுட்டரை வைத்தேன். மடிக்கணினியைப் பின் விறாந்தை மேசையில் வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஸ்கைப்பில் மாமியின் முகம் வந்தது.

மாமி மெலிந்திருந்தார். சுகம் விசாரித்தார். பிறகு கமராவுக்குக் கிட்ட வந்தார்.

“தம்பி, முகத்தைப் பாத்துத்தான் கேக்கோணும் எண்டு இருந்தனான். கனகம்மா அக்கா சொல்லுறா, என்ர பிள்ளை கடைசியா ‘அம்மா, அம்மா’ எண்டு மூண்டுதரம் கூப்பிட்டவளாம். உண்மையோ? நான் பக்கத்தில இல்லாமல்...”

படம் நின்றது. மாமியின் வாய் திறந்தபடி இருந்தது. சுவரில் மணி ஒன்பது நாற்பது.

எங்களுக்குப் பெரியம்மா முறையான கனகம்மா ஆஸ்பத்திரிக்கே வரவில்லை. கட்டிலருகில் இருந்தது நான் மட்டும். சுகிர்தா கடைசியாகச் சொன்னது எனக்குத் தெரியும். அது அம்மா என்று கூப்பிட்டது அல்ல. என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. படம் நின்றபோது உண்மையில் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

அன்று மச்சான் தொலைபேசியில் எடுத்தான். “அம்மா நித்திரை கொள்ளுறதே இல்லை அத்தான். விடிய மூண்டு மணிக்கு எழும்பி நிண்டு ‘கூப்பிடுறாள், கூப்பிடுறாள்’ எண்டுறா. நீங்கள் ஒரு பதில் சொன்னால் காணும்.”

“இப்ப குடு, ஃபோனிலயே சொல்லுறன்.”

மாமியின் குரல் வந்தது. “ஃபோனில வேண்டாம் தம்பி. ஃபோனில எல்லாரும் எனக்குப் பொய்தான் சொல்லுறவை. காய்ச்சல் வந்ததையே ஒருத்தரும் சொல்லேல்லை. உங்கட முகத்தைப் பாக்கோணும். திவசத்தையும் பாத்து, முகத்தையும் பாத்துக் கேட்டால்தான் எனக்கு மனம் ஆறும்.”

திவசத்துக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது.

நான் செய்யக்கூடியதை எல்லாம் செய்தேன். மடிக்கணினியை நிறுத்தி மறுபடி போட்டேன். றவுட்டரை நிறுத்தி மறுபடி போட்டேன். தொலைபேசி வயரை மாற்றினேன். அடுத்த ஞாயிறும் ஒன்பது நாற்பத்திரண்டுக்கு அறுந்தது. மடிக்கணினியைக் கொஞ்ச நேரம் நோண்டிவிட்டுப் போய்ப் பார்த்தால் றவுட்டரில் ஐந்து பச்சை விளக்குகளும் ஒழுங்காக எரிந்தன. ஐந்து நிமிடத்தில் இணைப்பு தானாக வந்தது. அதற்குள், இரவெல்லாம் முழித்திருந்த மாமி நித்திரைக் குளிசை போட்டுப் படுத்துவிட்டார்.

முத்தலிப் குறிஞ்சாக்கேணி ஆள். பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்தவன். பட்டத்தைச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டிவிட்டு அதற்குக் கீழே கணினி திருத்துகிறான். நான் சொன்னதைக் கேட்டான்.

“கம்பி அறுந்ததா, காத்து அறுந்ததா? முதல்ல அதச் சொல்லு.”

“என்னண்டு தெரியும்?”

“றவுட்டருக்குள்ள போய்ப் பாரு மச்சான். எவ்வளவு நேரமா லைன் நிக்குதெண்டு அதுவே எழுதி வெச்சிருக்கும். அது பொய் சொல்லாது, நம்மளப் போல இல்ல.”

பார்த்தேன். ஆறு நாளும் நான்கு மணித்தியாலமும் ஒரு தடவைகூட லைன் அறவில்லை. ஆக, கொழும்பிலிருந்து என் முன்னறை வரைக்கும் பிழை இல்லை. முன்னறையிலிருந்து பின் விறாந்தைக்கு, பதினைந்து அடி காற்றில்தான் பிழை.

அலைவரிசையை மாற்றினேன். ஒன்று, ஆறு, பதினொன்று. மூன்றிலும் அறுந்தது. விடுமுறை போட்டு இரண்டு நாள் வீட்டில் இருந்து, அறுகிற நேரங்களைக் கொப்பியில் குறித்தேன். காலை ஒன்பது நாற்பது அளவில் ஒரு முறை. பின்னேரம் நாலேகால் அளவில் ஒரு முறை. அந்த இரண்டு நேரமும் எங்கள் வீதியால் நேவி ரோந்து போகிற நேரம்.

கொப்பியைப் பார்த்த எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். முன்வீட்டு சோமசேகரம் அண்ணை குரலைத் தாழ்த்தினார். “ஜாமர் தம்பி. குண்டு வெடிக்காமலிருக்க அலையைக் குழப்புற சாமான், வாகனத்தில கொண்டு வாறாங்கள். அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? போய்க் கேக்கேலுமோ?”

கேட்க ஏலாது. கடைசிப் பதில் அதுதான் என்று நானும் நம்பினேன். எங்களுக்குப் பழக்கமான பதில். மின்சாரம் நின்றாலும் அவர்கள், பஸ் வராவிட்டாலும் அவர்கள். பாதிக்கு மேல் சரியாகவும் இருக்கும்.

முத்தலிப் மட்டும் சிரித்தான். “ஒன்ட மாமி கதைக்கிறதக் குழப்பத்தான் நேவி வாறானா? ஜாமர் எண்டா அந்த நேரம் ஒன்ட கைஃபோனும் சாகணுமே. செத்ததா?”

“பாக்கேல்லை.”

“பட்டதாரி!” என்றான். “போய்ப் பாத்திட்டு வா.”

பார்த்தேன். ரோந்து போகும்போது கைத்தொலைபேசி உயிரோடுதான் இருந்தது. சோமசேகரம் அண்ணையுடனே கதைத்துப் பார்த்தேன். அவர் எதிர் வீட்டில் பயத்தில் “ஓம், ஓம்” என்று மட்டும் சொன்னார். ஆனால் வைஃபை அறுந்தது.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுமுறை. அக்கா கோயிலுக்குப் போயிருந்தார். றவுட்டரை வினாடிக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் வேலையை மடிக்கணினியில் ஓடவிட்டு உட்கார்ந்தேன். ரோந்து வந்தது. இரண்டு மோட்டார்சைக்கிள், பின்னால் ட்ரக், பதினைந்து பேர் நடை. போய் முடிய நாலு நிமிடம். ஒரு பதில்கூடத் தவறவில்லை.

ஒன்றும் அறாதது அன்று மட்டும்தான். அன்று வேறு என்ன மாற்றம் என்று யோசித்தேன். நேவி அதே நேவி. நான் அதே நான். வீட்டில் அக்கா இல்லை. அவ்வளவுதான்.

சனிக்கிழமை அக்கா வீட்டில். ஒன்பது நாற்பதுக்குத் திரையில் பதில்கள் நின்றன. இந்த முறை நான் மடிக்கணினியைத் தொடவில்லை. எழுந்து நேரே முன்னறைக்கு நடந்தேன்.

இரத்தினேஸ்வரி அக்கா யன்னல் திரைச்சேலைக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். டிரங்குப் பெட்டியின் மேல் எங்கள் பெரிய அலுமினியச் சோற்றுப் பானை கவிழ்ந்திருந்தது. அக்காவின் கை பானையின் மேல் இருந்தது. பானைக்குக் கீழிருந்து வயர்கள் வெளியே வந்தன.

“என்னக்கா இது?”

“சத்தம் போடாதையடா. போகட்டும்.”

பூட்ஸ் சத்தம் தேய்ந்தது. அக்கா பானையைத் தூக்கி இடுப்பில் வைத்தார்.

“எத்தினை நாளா இப்பிடிச் செய்யிறியள்?”

“நீ இதைக் கொண்டந்த நாள் துவக்கம்தான். இரண்டு கொம்பும் அஞ்சு பச்சை லைற்றும் மினுக்கு மினுக்கெண்டு றோட்டுக்குத் தெரியுது. கேட்டால் என்னெண்டு சொல்லுவாய்? மாமியோட கதைக்கிறதெண்டோ? பாலசிங்கம் மாஸ்டர் தொண்ணூறில என்ன வைச்சிருந்தவர்? றேடியோவுக்கு மாமரத்தில கட்டின ஒரு கம்பி. கொண்டு போனவங்கள், மனிசன் இண்டைக்கும் வரேல்லை.”

எனக்கு அப்போது எட்டு வயது. அக்காவுக்கு இருபது. அவர் பார்த்திருக்கிறார்.

“எனக்கேன் சொல்லேல்லை?”

“உன்னோட கதைக்கிறதும் அந்தச் சுவரோட கதைக்கிறதும் ஒண்டு. அதோட, நான் ஒரு வயரைக்கூடத் தொடேல்லையே? எல்லாம் பூட்டினது பூட்டினபடி கிடக்கு. பானைக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்?”

நான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து அக்காவுக்கு முன்னால் பிடித்தேன். “வையுங்கோ” என்றேன். வைத்தார். திரையின் மூலையிலிருந்த சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்து, கடைசிக் கோடும் போனது. “எடுங்கோ.” எடுத்தார். கோடுகள் எழும்பின. அக்கா என்னைக் கேட்காமல் மறுபடி வைத்தார். விழுந்தன. எடுத்தார். எழும்பின. நான்காம் முறை சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

“அட மூதேவிப் பானையே! நீயோ அந்த மனிசியின்ர வாயை மூடினது?”

தகரப் பெட்டி கீழே, அலுமினியப் பானை மேலே. அதற்குள் இருந்து அலை எங்கே போகும்? நேவியும் இல்லை, ஜாமரும் இல்லை. நான் உரத்துச் சிரித்திருக்கிறேன் போல. சோமசேகரம் அண்ணை தன் வேலிப் படலைக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

ஆனால் அக்காவின் பயம் பிழையான பயம் அல்ல. பானையை எடுத்தால் மட்டும் காணாது. முத்தலிப் பன்னிரண்டு யார் தொலைபேசி வயரோடு வந்தான். றவுட்டரை நடு அறைக்குக் கொண்டுபோய் மர அலுமாரியின் மேல் வைத்தோம். அந்த அறைக்கு வீதிப் பக்கம் யன்னல் இல்லை. ஐந்து விளக்குகளுக்கும் கறுப்பு ரேப் ஒட்டினோம். முத்தலிப் கொம்புகள் இரண்டையும் மடக்கிப் படுக்க வைத்தான்.

“இரத்தினம் அக்கா, இப்ப இது றவுட்டர் இல்ல. சும்மா ஒரு சவர்க்காரப் பெட்டி.”

“உன்ர வாய்தான் சவர்க்காரம்” என்றார் அக்கா. படலைக்கு வெளியே போய் வீதியின் இரண்டு பக்கமும் நடந்து பார்த்தார். திரும்பி வந்து, “ஒண்டும் தெரியேல்லை” என்றார். அது அவர் சம்மதத்துக்கு வைத்த கையெழுத்து. அன்று நான் மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டேன்.

திவசத்தன்று ஐயர் ஒன்பது மணிக்கு வந்தார். மடிக்கணினியை ஒரு தட்டத்தில் வைத்து முத்தலிப் தூக்கிக்கொண்டு நடந்தான். மாமி குசினியைப் பார்த்தார். கத்தரிக்காய்க்கு உப்புக் காணாது என்று அங்கிருந்து சொன்னார். அக்கா ருசி பார்த்தார். காணாதுதான்.

ஒன்பது முப்பத்தெட்டு. நான் எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தேன். மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. அக்காவின் கண் குசினியில் கவிழ்ந்திருந்த பானைக்குப் போனது. பிறகு அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படலைக்கே போனார்.

வீட்டுக்கு முன்னால் சைக்கிள்கள் நின்றதால் ரோந்து நின்றது. ஒருவன் என்ன கூட்டம் என்று கேட்டான். அக்கா தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், தம்பியின் மனைவி செத்து ஒரு வருடம், அதற்கான அன்னதானம் என்றார். அவன் உள்ளே பார்த்தான். ஐயரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், முத்தலிப்பின் கையில் தட்டத்தைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டான். போனார்கள்.

அக்கா விறுவிறுவென்று உள்ளே வந்தார். “படம் நிக்குதோ?”

“நிக்குது அக்கா.”

“ஓடுதெண்டு சொல்லடா, நிக்குதெண்டு சொல்லாதை!”

ஓடியது. படையல் முடியும் வரை ஓடியது. கிணற்றடி மதிலில் சோறு வைத்ததும் இரண்டு காகங்கள் வந்தன. மாமி அங்கே கைதட்டினார். பத்தரைக்கு நான் மடிக்கணினியை விறாந்தை மேசையில் வைத்து அதன் முன்னால் உட்கார்ந்தேன். மாமி என் முகத்தையே பார்த்தார். அறவில்லை. இனி எனக்கு ஒளிக்க இடமும் இல்லை.

“சொல்லுங்கோ தம்பி. என்னைக் கூப்பிட்டவளோ?”

“இல்லை மாமி. கனகம்மா பெரியம்மா அங்க வரவே இல்லை. நான்தான் இருந்தனான். அவள் கூப்பிடேல்லை. பயப்படவும் இல்லை. காய்ச்சல் இறங்கிட்டுது எண்டுதான் நினைச்சவள். நான் உங்களுக்குக் கோல் எடுப்பமோ எண்டு கேட்டனான். அவள்தான் மறிச்சவள். அதுக்குப் பிறகு நித்திரையாப் போனவள். எழும்பேல்லை.”

“மறிச்சவளோ? என்னெண்டு சொல்லி?”

சொன்னேன். அவளுடைய சொற்களை அப்படியே சொன்னேன்.

மாமி கொஞ்ச நேரம் அசையவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கோடுகளைப் பார்த்தேன். கோடுகள் நிமிர்ந்து நின்றன. பிறகு மாமியின் தோள் குலுங்கியது. அழுகை என்று நினைத்தேன். சிரிப்பு. வாயைப் பொத்தியும் அடங்காத சிரிப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. “என்ர பிள்ளைதான்! அவள்தான்! வேற ஆர் இப்பிடிச் சொல்லுவினம்?” மகனைக் கூப்பிட்டார். மருமகளைக் கூப்பிட்டார். இங்கே அக்கா வந்தார், முத்தலிப் வந்தான், ஐயர்கூட வெற்றிலையோடு வந்து நின்றார்.

“திருப்பிச் சொல்லுங்கோ தம்பி. உரத்துச் சொல்லுங்கோ. எல்லாரும் கேக்கட்டும்.”

எல்லோரும் கேட்கும்படி சொன்னேன்:

“அம்மாவுக்கு இப்ப சொல்லிப்போடாதேங்கோ. சொன்னால் ஒரு போத்தல் வேப்பம்பட்டைக் கசாயத்தைப் பிளேனில அனுப்பிவைப்பா. காய்ச்சலுக்குத் தப்பினாலும் அதுக்குத் தப்ப ஏலாது.”