ஏழாம் ஷெட்டின் ஜோடி

நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் ஆணையோ பெண்ணையோ தனியாக வேலைக்கு எடுக்க மாட்டார்கள். புருஷன் பெண்டாட்டியாகத்தான் எடுப்பார்கள். அதற்கு ஜோடி என்று பெயர். ஒரு ஷெட்டுக்கு ஒரு ஜோடி, குடியிருக்க ஓர் அறை, சம்பளம் புருஷன் கையில். பெண்டாட்டி? அவள் கூடமாட ஒத்தாசையாம். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஒத்தாசை!

சின்னுசாமியின் பண்ணையில் முட்டை வாங்கும் கம்பெனி, தொழிலாளர் சட்டப்படி எல்லாம் இருந்தால்தான் வாங்குவோம் என்று சொல்லிவிட்டது. அதற்கு ஏற்பாடு செய்யச் சேலத்திலிருந்து என்னை, சாதியாவை, அனுப்பினார்கள். என் வேலையே அதுதான். ஊர் ஊராய்ப் போய் அதையே சொல்லிச் சொல்லி எனக்கு மனசு மரத்துப் போயிருந்தது.

"சாதியா அம்மிணி, என்ன சட்டமோ எல்லாத்தையும் போட்டுருங்க. பண்ணை ஓடோணும், அவ்வளவுதான்" என்றார் சின்னுசாமி.

"ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வேலை உத்தரவு குடுக்கணும் சார். பொம்பளைங்களுக்கும். எட்டு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது."

"குடுத்துருவோம். ஏழாம் ஷெட்டை மட்டும் உட்டுருங்க. அங்க ஜோடி இல்லீங்க."

ஏழாம் ஷெட்டில் சென்னம்மாள் தனியாக முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். எடப்பாடிக்காரர். புருஷன் மாதையன் போன மாதம் காமாலையில் இறந்துவிட்டார். நாமகிரிப்பேட்டையிலிருந்து புது ஜோடி வருகிறது, அறையைக் காலி பண்ணு என்று சொல்லியிருந்தார்கள்.

"எங்க போவீங்க?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க" என்றார். கை முட்டையைப் பொறுக்குவதை நிறுத்தவில்லை. குழந்தைகள் இல்லை, ஊரில் வீடும் இல்லை. எல்லாவற்றையும் யாரோ பக்கத்து வீட்டுக்காரியின் கதையைப் போலச் சொன்னார். அழுதுதொலைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேராக ஆபீசுக்குப் போனேன்.

"புருஷன் செத்தா பொண்டாட்டிக்கு வேலை போயிருமா சார்? இது என்ன நியாயம்? அவங்களை அனுப்பினீங்கன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். கம்பெனிக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க."

சின்னுசாமி என்னையே பார்த்தார். "அட, ஏனுங்க இப்படிக் கோவிச்சுக்கறீங்க? ஒத்தையாளு ஒரு ஷெட்டைப் பாக்க முடியாதுன்னுதான் சொன்னேன். சரி, இருக்கட்டும். பாதி ஷெட்டு சென்னம்மா பாக்கட்டும். மாதையன் பாத்த மீதிப் பாதிக்கு, முட்டை லோடு ஏத்தற ராசுவைப் போட்டர்றேன்."

அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவேயில்லை. சண்டைக்குத் தயாராய்ப் போனவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அன்றைக்கே உத்தரவை அடித்துக் கொடுத்தேன். சென்னம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவரு பேரு எங்கீங்க?"

"இது உங்க வேலைக்கு. உங்க பேரு மட்டும்தான் இருக்கும். அறையும் உங்களுக்குத்தான், யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது."

"செரிங்க" என்று மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். சந்தோஷமா, வருத்தமா, ஒன்றும் தெரியவில்லை.

மறு மாதம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கப் போனேன். சாயங்காலம். வேலை நேரம் முடிந்து மற்ற ஷெட்டுகளில் ஆளில்லை. ஏழாம் ஷெட்டு வாசலில் ராசு சும்மா நின்றுகொண்டிருந்தார்.

"நான் என்னங்க பண்றது? எனக்கு ஒரு வேலையும் வெக்க மாட்டேங்கறாங்க" என்றார்.

உள்ளே சென்னம்மாள் ராசுவுக்கு ஒதுக்கிய பாதியில் இருந்த கூண்டுகளுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சுரீரென்றது.

"என்னங்க இது! எட்டு மணி நேரம் முடிஞ்சதும் போயிடணும்னு சொன்னேனா இல்லையா? உங்களுக்காகத்தானே இவ்வளவு மல்லுக்கு நின்னேன்? வேலைதான் முடிஞ்சிருச்சே, அறைக்குப் போங்க!"

அவர் வாளியைக் கீழே வைக்கவில்லை.

"என்னுது அப்பவே முடிஞ்சுதுங்க அம்மிணி. இது அவருது."